வலது காலின் பாரம்

ஜூன் 2, திங்கள்

எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. முதியோர் வகுப்பு டீச்சர், தினமும் நடந்ததை எழுதிப் பழகுங்கள், பரீட்சைக்கு உதவும் என்றார். அறுபத்தொன்பது வயதில் எனக்குப் பரீட்சை. நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அந்த வகுப்பில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது பொன்னுத்தாய். என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள்.

என் பெயர் சுடலையாண்டி. இந்த ஒரு பெயரை எழுத இரண்டு முறை அழித்தேன். எஸ்டேட்டில் இலை லாரி ஓட்டினேன். வேலை முடிந்து வந்ததும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி வால்பாறை ஸ்டாண்டில் போட்டேன். பொள்ளாச்சிக்கு ஆள் ஏற்றி இறக்குகிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் என்னைப்போல வேகமாக இறங்குகிறவன் ஸ்டாண்டில் கிடையாது. அப்படித்தான் இன்று காலை வரை நினைத்திருந்தேன்.

ஸ்டாண்டில் இருதயராஜ் என்று ஒருவன். என்னைவிட மிக இளையவன். அவனிடமும் இதே கார்தான். போன வாரம் எல்லார் முன்னாலும் என்னைச் சீண்டினான். ஒரே பெட்ரோல் பங்கில் இரண்டு பேரும் டேங்க் நிறைய அடிப்போம், ஒரே அளவு ஆள் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி போய்த் திரும்புவோம், மறுபடி அதே பங்கில் நிரப்புவோம், யார் வண்டி அதிகம் குடித்தது என்று பார்ப்போம் என்றான். இன்று போய் வந்தோம்.

அவன் வண்டி சட்டென்று நிறைந்துவிட்டது. என் வண்டியில் ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு ஆனதைப்போல ஒன்றரை மடங்கு. பங்கில் நின்ற பெண் மீட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, டேங்குல ஓட்டை கீட்டை இருக்கா? குனிஞ்சு பாருங்க."

"ஓட்டையெல்லாம் இல்லம்மா."

"அப்ப வழியில யாருக்கும் தானம் பண்ணிட்டு வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையிலேயே குனிந்து பார்த்தேன். ஓட்டை இல்லை. அதுதான் பெரிய அதிர்ச்சி.

வீட்டுக்கு வந்து பொன்னுவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "ஜப்பார் பாயைப் போய்ப் பாருங்க. அவர் சொல்றபடி ஓட்டுங்க" என்றாள். நான் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அவள் எப்போதும் அப்படித்தான், கெட்டிக்காரி.

ஜூன் 4, புதன்

ஜப்பார் பாய் பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கிறார். காரின் முன்மூடியைத் திறந்து, காற்று வடிகட்டும் டப்பாவைக் கழற்றினார். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. தலையணைப் பஞ்சு, நாளிதழ்த் துண்டு, பொன்னுவின் பச்சை ரவிக்கைத் துணி எல்லாம் மெத்தைபோல் கிடந்தன.

"மூக்கைப் பொத்திக்கிட்டு நீங்க மலை ஏறுவீங்களா அண்ணாச்சி? இது ஏறிட்டிருக்கு" என்றார் பாய்.

அடுத்தது டயர். நான் காலால் உதைத்துப் பார்த்துத்தான் காற்று இருக்கிறதா என்று சொல்வேன். பாய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் காட்டினார். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கிறது. இந்தக் கதவை எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடியிருப்பேன். அது கார் விற்றவன் ஒட்டிய விளம்பரம் என்று நினைத்திருந்தேன். அளந்து பார்த்தால் நான்கு டயரும் பாதி உயிரோடு இருந்தன.

பிறகு பாய் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். உடுமலை ரோட்டில் போய்த் திரும்பினேன். அவர் கைப்பிடியை விடவே இல்லை.

"எலி, டயர் எல்லாம் சின்ன விசயம். பெட்ரோலைக் குடிக்கிறது வண்டி இல்ல. உங்க வலது கால்."

"காலா?"

"பாரம் ஜாஸ்தி. அமுக்குறீங்க, பறக்குது. உடனே பிரேக்கு. பிரேக்கைத் தொடுற ஒவ்வொரு தடவையும், இப்பத்தான் குடிச்ச பெட்ரோலை ரோட்டுல கொட்டுறீங்க. வளைவு இருக்குன்னு முன்னாலயே தெரியும்ல? அது ஒண்ணும் ஓடிப்போகாது. முன்னாலயே காலை எடுங்க. அப்புறம், அந்த இடது கால் எதுக்குக் கிளச்சு மேலயே குடியிருக்கு?"

நான் குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தேன். இத்தனை வருடமாக என் காலுக்கே நான் அந்நியன் என்று தோன்றியது.

ஜூன் 5, வியாழன்

கூரை மேலிருந்த கேரியரைக் கழற்றினேன். காற்றில் அதுவும் இழுக்குமாம். கார் மொட்டை போட்ட பிள்ளைபோல் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வண்டியில் இருந்த தேவையில்லாத பாரத்தையெல்லாம் இறக்கினேன். அதிர்ந்துபோனேன். டிக்கியில் இரண்டு ஜாக்கி, உடைந்த பேட்டரி, கயிற்றுச் சுருள், ஒரு மூட்டை தேங்காய்மட்டை, யாரோ விட்டுப்போன குடைகள், லாரிக் காலத்து இரும்புச் சங்கிலி. எவ்வளவு சுமந்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. எஸ்டேட்டின் பக்கத்து டிவிஷனில் பறித்த இலையை நிறுக்கும் கொட்டகைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோனேன். ஞாயிறு என்பதால் தராசு சும்மா இருந்தது. கணக்குப்பிள்ளை பழைய பழக்கம், சரி என்றார்.

எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் எடை வந்தது. இத்தனை நாளாக ஒரு ஆளை இலவசமாக மலை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

பொன்னு தூக்குவாளியில் தேநீர் கொண்டுவந்தாள். தராசைப் பார்த்ததும், "என்னையும் ஏத்துங்க. வேண்டாத பாரம்னா இறக்கி விட்டுரலாம்" என்று சொல்லித் தானாகவே தட்டில் ஏறி உட்கார்ந்தாள். கணக்குப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். தராசைத் தட்டினார். அவளை இறங்கச் சொல்லிவிட்டு, படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். மறுபடி ஏறச் சொன்னார். முள் அதே இடத்தில் நின்றது.

"என்னம்மா, நாப்பது கிலோவைத் தொடலையே" என்றார்.

"இலை ஈரமா இருந்தாத்தான எடை நிக்கும். நான் காஞ்ச இலை" என்றாள் பொன்னு. எல்லாரும் சிரித்தோம்.

தராசு சரிதான். பொன்னு எப்போதுமே ஒல்லிதான். ஆள் எடை குறைந்தால் பெட்ரோலும் மிச்சம் என்று நான் வேறு சொன்னேன்.

ஜூன் 11, புதன்

இதைப் பொன்னுவிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை எடுத்துவிட்டு உருட்டினால் பெட்ரோலே செலவாகாது என்பது மலையில் வண்டி ஓட்டுகிற எங்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை. லாரிக் காலத்திலிருந்து செய்கிறோம். இன்று ஆழியாறு இறக்கத்தில் அதைச் செய்தேன். இருதயராஜின் கார் பட்டறையில் இருந்ததால் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வேறு ஆள் இல்லை.

இரண்டு தடவை பிரேக் பிடித்தது. மூன்றாவது தடவை மிதித்தபோது மிதி கல்லைப்போல் இறுகி நின்றுவிட்டது. கார் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கும் மரக்கட்டையாகிவிட்டது. வளைவு எதிரே வந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன், இருதயராஜ் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். சுவரில் உரசி நின்றோம். சுவருக்கு அந்தப்பக்கம் ஒன்றும் இல்லை, பனி மட்டும்தான்.

இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தோம். பிறகு அவன்தான் சொன்னான். "எஞ்சின் ஓடுனாத்தான் அண்ணாச்சி பிரேக்குக்குப் பலம். கியர்லயே விட்டு, காலை மட்டும் எடுங்க. இந்த மாதிரி எஞ்சின்ல அப்ப பெட்ரோல் தானா நின்னுரும். எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும்."

"கியர்ல விட்டாலும் பெட்ரோல் போகாதா?"

"போகாது. பாய் உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னார். நான்தான் எனக்குத் தெரியாததா என்று காதில் வாங்கவில்லை. "அக்காவை வச்சிக்கிட்டு மட்டும் இப்படிப் பண்ணிராதீங்க" என்றான். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி டேங்க் நிரப்பிப் பார்த்தோம். நம்பமுடியவில்லை. இருதயராஜின் வண்டி குடித்த அளவைத் தொட்டுவிட்டேன். பங்குப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பொன்னுவைக் காரில் உட்கார வைத்து, கோயில் வரை கூட்டிப்போனேன். வலது காலுக்கும் மிதிக்கும் நடுவே கோழிமுட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இறங்கும்போது அவள் வயிற்றில் கை வைத்தபடி, "இன்னிக்கு வயிறு சும்மா இருக்கு" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

மாதத்தில் ஒரு வியாழன் பொன்னு என்னோடு பொள்ளாச்சிக்கு வருவாள். நூல்கடைக்குப் போகவேண்டும் என்பாள். இன்றும் வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. "நான் இங்கயே இறங்கிக்கிறேன், நீங்க அந்தப்பக்கம் போய் நில்லுங்க" என்று இறங்கிப்போனாள்.

முன்பெல்லாம் கேட் மூடியிருந்தால், எதிர்ப்பக்கத்து வழியில் ஏறி எல்லாருக்கும் முன்னால் போய், எஞ்சினை உறுமவிட்டு நிற்பேன். கண் கேட்டின் மேலேயே இருக்கும். இப்போது அப்படியில்லை. வரிசையில் நின்று எஞ்சினை அணைத்துவிடுகிறேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

அணைத்தபிறகு எவ்வளவு அமைதி. சுற்றிலும் பலகைகள். இந்தத் தெருவில் இத்தனை வருடமாகப் போகிறேன், இன்றுதான் அது என்னோடு பேசியது. ஒவ்வொன்றாகப் படித்தேன். மாட்டுத் தீவனம். மிதிவண்டி நிலையம். சலவையகம். அழகு நிலையம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பக்கத்தில் மாடிப்படி. படிக்கு மேலே நீலப்பலகை. கடினமான எழுத்துகள். விடாமல் கூட்டினேன்.

புற்றுநோய்ப் பரிசோதனை மற்றும் ஆலோசனை மையம்.

இவ்வளவு நீளமான பெயரை நான் முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை. ஒரு எழுத்தும் விடவில்லை. இங்கே மறுபடி எழுதியும் பார்த்துவிட்டேன்.

அந்தப் படியில் பொன்னு ஏறிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள்.

மாடியில் நூல்கடையும் இருக்கக்கூடும். ஒரே கட்டடத்தில் பல கடைகள் இருக்கும்தானே.

கேட் திறந்துவிட்டது. பின்னால் கத்தினார்கள். சாவி கைக்குக் கிடைக்கவில்லை, வண்டியிலேயே மாட்டியிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

மழை. ஒரு சவாரி. பொன்னு சோறு போட்டாள். அவள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டாளாம்.

ஜூன் 21, சனி

மழை. அவள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டாளாம்.

ஜூன் 22, ஞாயிறு

பரீட்சை எழுதினேன். பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடித்தது. கூட்டல், கழித்தல், பெயர், முகவரி எல்லாம் போட்டுவிட்டேன். கடைசிக் கேள்வி, நீங்கள் பார்த்த ஒரு பெயர்ப்பலகையை எழுதுக. எத்தனையோ பலகை படித்திருக்கிறேன். மாட்டுத் தீவனம் எழுதியிருக்கலாம். கை வேறொன்றைத்தான் எழுதியது. டீச்சர் படித்தார். சரி என்று குறி போட்டார். பிறகு என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் பொன்னு தோசைக்கல் முன்னால் நின்றிருந்தாள்.

"எல்லாம் எழுதிட்டீங்களா? கடைசியா என்ன கேட்டாங்க?"

"பாத்த பலகை ஒண்ணு எழுதச் சொன்னாங்க."

"என்ன எழுதுனீங்க?"

சொன்னேன். தோசைக்கரண்டி அப்படியே நின்றது.

"தப்பில்லாமலா?"

"டீச்சர் சரி போட்டுட்டாங்க."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "எப்படிப் பாத்தீங்க?"

"கேட்டுல எஞ்சினை அணைச்சிட்டு நின்னேன். நேரம் இருந்தது."

"அதை நான் யோசிக்கலை" என்றாள். கொஞ்சம் சிரித்தாள்கூட.

பிறகு எல்லாம் சொன்னாள். மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். இரைப்பையில் கட்டி. அதனால்தான் சோறு இறங்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றவேண்டும். கட்டி சுருங்கினால் அறுவை.

"சுருங்கலைன்னா?"

"அதை அவங்களும் சொல்லலை. நானும் கேக்கலை. வர்ற வியாழக்கிழமை முதல் மருந்து. இன்னிக்கு ராத்திரி சொல்லலாம்னுதான் இருந்தேன். பரீட்சை முடியட்டும்னு பாத்தேன்."

"எனக்குச் சொல்லாம, கோயம்புத்தூருக்கு யார் கூட்டிட்டுப் போனது?"

"இருதயராஜு. நீங்க சவாரி போற நாளாப் பாத்து."

நான் எழுந்துவிட்டேன். அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அவனைத் திட்டாதீங்க. சவால் விடச் சொன்னதும் நான்தான். உங்க காருல வளைவு இறங்குனா என் குடல் வெளிய வந்துரும். மெதுவாப் போங்கன்னா கேக்குற ஆளா நீங்க? இத்தனை வருசம் சொல்லியாச்சு. பெட்ரோல்ல தோத்தா ரோசம் வரும்னு தெரியும். நோயைச் சொல்லியிருந்தா, என்னை அள்ளிப் போட்டுக்கிட்டு இலை லாரி மாதிரி பறந்திருப்பீங்க."

டயர், கேரியர், வலது கால் எல்லாம் அவள் போட்ட திட்டம். நான் ஸ்டாண்டில் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அவளைத் தராசில் வைத்துப் பெட்ரோல் மிச்சம் என்று சொன்னேனே.

ஜூன் 23, திங்கள்

ஸ்டாண்டுக்குப் போய் இருதயராஜ் முன்னால் நின்றேன். அவன் எழுந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

நான் இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"ஆனா பெட்ரோல் அளவு நிசம். அதுல நான் ஒரு சொட்டு பொய் சேக்கலை. நீங்க நிசமாவே மோசமாத்தான் ஓட்டுனீங்க."

அவனை அடிக்கத்தான் போனேன். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

போகும்போது நன்றாகப் போனோம். பொன்னு கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி மருந்தை ஏற்றினார்கள். எனக்கு வாசலில் இடம். அங்கிருந்த பலகைகளை ஒன்றையும் படிக்கவில்லை.

திரும்பும்போது பொள்ளாச்சி தாண்டியதும் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல் தந்தியடித்தது. என் போர்வையும் சட்டையும் போர்த்தியும் நிற்கவில்லை. நான் பயந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வலது கால் தன் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டது. அமுக்கினேன், பிரேக் பிடித்தேன், திருப்பினேன், அமுக்கினேன். எத்தனையாவது வளைவு என்று தெரியவில்லை, "நிப்பாட்டுங்க" என்றாள்.

மழையில் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது. மறுபடி ஏறினோம், மறுபடி நிறுத்தினோம். இப்படியே மலை முழுவதும்.

பாதி மலையில் இருக்கும் அட்டகட்டியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க இத்தனை வருசம் இலையைத்தான் ஏத்துனீங்க. அது வாந்தி எடுக்காது" என்றாள். திட்டவில்லை. சும்மாதான் சொன்னாள்.

ஜூன் 28, சனி

பொன்னு இன்றுதான் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இது. "இனிமே நான் கீழ வரமாட்டேன். மருந்தைத் தாங்கிக்கலாம். அந்த ரோட்டைத் தாங்க முடியாது."

மகள் திருப்பூரில் இருக்கிறாள். ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு. ஆனாலும் அம்மாவை இங்கேயே அனுப்பிவிடுங்கள் என்று போனில் அழுதாள். பொன்னு மறுத்துவிட்டாள். இரவெல்லாம் எழுந்து எழுந்து அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கமாட்டாளாம். வாந்தி எடுப்பதற்குத் தன் வீட்டுக் கொல்லைதான் சரியாம்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

அவள் முடிவை மாற்றவில்லை. நான் பாயிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பெட்ரோலுக்கு ஓட்டுறது வேற, அக்காவுக்கு ஓட்டுறது வேறன்னு நினைக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதான். வண்டி தூக்கி எறிஞ்சா பெட்ரோலும் போகும், வயிறும் போகும். வளைவுக்கு முன்னால வேகத்தைக் குறைங்க. வளைவுக்குள்ள எதையும் தொடாதீங்க. பிரேக்கைப் பிடிக்கிறது பெரிசில்ல. விடுறப்பதான் உலுக்கும். நெய் ஊத்துற மாதிரி விடுங்க."

ஜூலை 6, ஞாயிறு

இருதயராஜைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அவன் மடியில் மூடியில்லாத தூக்குவாளி நிறையத் தேநீர் வைத்து ஓட்டிப் பழகுகிறேன். அவனே கேட்டுவந்தான்.

முதல் நாள் பாதி வாளி அவன் மேல் கொட்டியது. இரண்டாம் நாளும். இன்று மூன்றாம் நாள்.

"அண்ணாச்சி, ஸ்டாண்டுல என்னை என்ன சொல்றாங்க தெரியுமா? பேண்ட்டுலயே தேநீர்க்கடை வச்சிருக்கானாம்."

ஆனால் இன்று ஒன்று கண்டுபிடித்து அதிர்ந்தேன். தேநீர் வளைவினால் கொட்டவில்லை. வளைவு முடிந்ததும், அப்பாடா என்று நான் காலை வைக்கிறேனே, அப்போதுதான் கொட்டுகிறது. மலை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் என் அவசரம்.

ஜூலை 10, வியாழன்

வாளி தளும்பியது. கொட்டவில்லை. இருதயராஜ் கீழே இறங்கி, அந்த ஆறிப்போன தேநீரை எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டினான்.

ஜூலை 13, ஞாயிறு

பொன்னுவிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். அவள் வெகுநேரம் முடியைச் சீவிக்கொண்டிருந்தாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "அட்டகட்டி வரைக்கும். வாந்தி வந்தா அதோட சரி. அப்புறம் நீங்க இதைப் பத்தி வாயே திறக்கக்கூடாது" என்றாள்.

"சரி."

"பேசவும் கூடாது. பேசுனா உங்க கால் ஆடும்."

எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை. போய்த் திரும்பினோம். பின்னால் வந்த ஜீப், பஸ், லாரி எல்லாம் எங்களைத் தாண்டிப்போயின. ஒரு சிறுவன்கூட சைக்கிளில் தாண்டினான்.

வாசலில் இறங்கி நின்றாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"வரலை" என்றாள், ஏமாந்தவள்போல.

"அப்ப வியாழக்கிழமை?"

"இது வெறும் வயிறு. மருந்து போன வயிறு வேற. பாக்கலாம்."

ஜூலை 17, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதவேண்டும்.

காலையில் இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏறி முடிந்தது. நர்ஸ் இந்தத் தடவை குமட்டலுக்கும் சேர்த்து ஊசி போட்டிருக்கிறோம் என்றார். பொள்ளாச்சி தாண்டியதும் போன தடவைபோலவே நடுங்கினாள். என் வலது கால் துடித்தது. அதை நான் துடிக்க விடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, இருதயராஜ் கொடுத்திருந்த கம்பளியைப் போர்த்தி, நடுக்கம் நிற்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரம் இல்லை என்று என் காலுக்குச் சொன்னேன்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் வறுத்த கடலை விற்றார்கள். எனக்குப் பசி. ஒரு பொட்டலம் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். வாசனை அவளுக்கு ஆகாதே என்று பிறகுதான் உறைத்தது. பிரிக்காமல் ஓட்டினேன்.

முதல் வளைவு. இரண்டாவது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. அவள் நிறுத்தச் சொல்வாள் என்று ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தேன். சொல்லவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. அப்போது மட்டும் கண்ணாடியில் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ரோட்டில், அந்த மருந்தோடு, பொன்னு தூங்கினாள்.

அட்டகட்டிக்கு முன்னால் ஒரு ஏற்ற வளைவில் வரையாடு ஒன்று நடு ரோட்டில் நின்றது. பனிக்குள்ளிருந்து வந்து, தன் வீட்டு முற்றம்போல் நின்றது. மெல்ல நிறுத்தினேன். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. ஆடு என்னைப் பார்த்தது, பஸ்ஸைப் பார்த்தது, பிறகு தன் பாட்டுக்குப் பாறையில் ஏறிப்போனது. கியரைப் போட்டு, கிளச்சை விட ஆரம்பித்தேன்.

"ஏன் நின்னுட்டோம்?" பொன்னுவின் குரல்.

"ஆடு நின்னுச்சு. போயிருச்சு. நீ தூங்கு."

"பசிக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். கால் கிளச்சை விட்டுவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, நடு ஏற்றத்தில் அணைந்துவிட்டது. லாரியில் ஏறிய நாள் முதல் ஏற்றத்தில் நான் வண்டியை அணையவிட்டதே இல்லை.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன பெருசு, இப்பத்தான் ஓட்டிப் பழகுறீங்களா?"

"ஆமா" என்றேன்.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினேன். அவள் பிரித்து, ஒரு கடலையை எடுத்து, தோலை ஊதிவிட்டு வாயில் போட்டாள். மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இன்னொன்று எடுத்தாள்.

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பப்போனேன். விரல் வழுக்கியது.

"மெதுவா எடுங்க" என்றாள் பொன்னு, அடுத்த கடலையை ஊதிக்கொண்டே. "அவனுக்கு அவசரம்னா அவன் இறங்கி நடக்கட்டும்."